ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய

கயானியில் ஜனவரி. பகல் மூன்றுக்கே இருட்டு.
கராஜின் மின்அடுப்பு
ஒரு முழங்காலை மட்டும் சுடுகிறது.
ஸ்டாண்டில் நிற்கிறது ஐம்பத்தேழாம் வருடத்து பி.எஸ்.ஏ.,
முன்பக்கம் ஏதுமின்றி, பல் பிடுங்கிய வாயாக.
தொழில் புத்தி போகாது:
பகலில் நான் பிறர் பற்களுக்குத் தொப்பி செய்கிறவள்.

பழைய முன்பிரேக்கை அழுத்தினால் அது யோசிக்கும்.
போன ஜூனில், சொட்காமோ சாலையில்,
ஒரு எல்க் மான் குறுக்கே வந்து நின்றது.
நான் நிற்கவில்லை.
நல்லவேளை, அது நகர்ந்தது.
அன்றிரவே சுஸுகி தேடத் தொடங்கினேன்.

வாசாவிலிருந்து யோரான் அனுப்பினான்
எழுபத்திரண்டின் முன்கவையை, சட்டிபோல் பெரிய டிரம்மோடு.
பீட்சா அட்டையில் வாஷர்கள்.
கூடவே ஒரு சீட்டு:
"வலது காலில் உள்ள கீறலுக்கு நான் பொறுப்பல்ல."

பர்மிங்ஹாமும் ஹமமட்சுவும் சம்பந்தி ஆவதென்றால் சும்மாவா?
கழுத்துத் தண்டு பதினேழு மில்லி அதிகம்.
பேரிங் அங்கே பெரிசு, இங்கே சிறிசு.
இவர் அங்குலத்தில் கேட்க, அவர் மில்லியில் பதில் சொல்ல,
நடுவில் வெர்னியரோடு தரகு பேசுகிறேன்.

மரைதான் மோசம்.
ஆங்கில மரை அங்குலத்துக்கு இருபத்தாறு.
கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய.
ஜப்பானின் பொடிமரை நட்டு சரியாக ஒன்று.
முற்றிலும் வேறு என்றால்
முதல் சுற்றிலேயே மறுத்திருக்கும்.
இது மறுப்பதில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று சுற்று
விரலாலேயே ஏறுகிறது,
இதற்கென்றே பிறந்ததுபோல.
நாலாவதில் இறுகும்.
நம்பி ஸ்பானர் போட்டால் இரண்டும் பாழ்.
இங்கே ஒருவனைப் பற்றிச் சொல்லலாம்.
சொல்லப்போவதில்லை. அவனிடம் பைக் கிடையாது.

பக்கத்துக் கராஜில் கடைசல் மெஷின் வைத்திருக்கும்
பஸ் டிரைவர் ஓஸி கெம்பைனன்
அலுமினியத்தில் ஒரு உறை கடைந்து தந்தான்.
அளந்தேன். முடியளவு கூடுதல்.
"பல்லுக்கு இது ஆகாது" என்றேன்.
"இது பல்லா?"
முனகிக்கொண்டே மறுபடி மெஷினில் மாட்டினான்.
சுருள் சுருளாக வெள்ளி விழுந்தது அவன் சாக்ஸின் மேல்.
மூன்றாம் முறை, தட்டாமல், தள்ளாமல்,
மூச்சுவிட்டபடி உள்ளே போயிற்று.
அதன்பின் அது யார் கண்ணிலும் படவில்லை.

மே மாதம் வாகனச் சோதனை.
சனெல்மா தோலொனன், டார்ச்சும் படிவமுமாக,
இரண்டு முறை சுற்றிவந்தாள்.
சட்டகம் பர்மிங்ஹாம். முன்கவை ஹமமட்சு. கார்புரேட்டர் மிக்குனி.
பின்விளக்கு ஒரு துந்துரி மொபெட்டிலிருந்து.
"தயாரிப்பு என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது," என்றாள்.
உருளைமேல் சக்கரத்தை ஏற்றி,
பிரேக்கை அழுத்தச் சொன்னாள்.
முள் துள்ளியது. அவள் ஒரு அடி பின்னால் போனாள்.
பிறகு கட்டத்தில் மூன்றெழுத்து எழுதிவிட்டு
பேனாவைத் தேவைக்கு அதிகமாக நேரம் மூடினாள்.

ஜூலையில் குவோபியோ சந்திப்பு.
ஒருவர் குனிந்து பார்த்தார்; நிமிர்ந்தார்.
"கொலை" என்றார்.
அவருடையதில் கடைசித் திருகு வரை அசல்.
டிரெய்லரில் கொண்டுவந்திருந்தார்.
எனக்கு மரை கழன்றுவிட்டது என்று
மனைவியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது.
எந்த மரை என்று கேட்டிருக்கலாம்.
அங்குலமா, மில்லியா?

திரும்பும்போது சொட்காமோ சாலை.
இரவு பத்துக்கும் வெயில்.
அதே வளைவு, அதே பிர்ச் மரங்கள், குறுக்கே ஒன்றுமில்லை.
இரண்டு விரலால் பிடித்தேன்.
நின்றது.

கொசு மொய்க்கும்வரை அங்கேயே இருந்தேன்.
கிளம்பியபோது பார்த்தேன்,
எஞ்சினடியில் தார்மேல் ஒரு சொட்டு எண்ணெய்.
அது மட்டும் அசல்.